அடுப்படியில் நிற்காமல் ஓர் ஆட்டிறைச்சிச் சாப்பாடு



"வேலை விட்டு வந்ததும் யாரு அடுப்படியில நிக்கிறது?" ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் மாலையானால் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போனார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். இன்று அவர்களுடைய பிள்ளைகளில் பலர் அதே இருட்டில் பாசீர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அல்லது மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். வேலை மாறிவிட்டது, களைப்பு மட்டும் மாறவில்லை.

களைத்துப்போன வீட்டில் இரவுச் சாப்பாடு என்ன? கடையில் வாங்கிய பொரித்த கோழி, பொட்டல மீ, சீனி கலந்த தே தாரிக். ஒருநாள் என்றால் பாதகமில்லை. தினமும் என்றால் உடம்பு கணக்குக் கேட்கும். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய நாடு தழுவிய ஆய்வில், வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஆகவே மாலைச் சாப்பாடு சின்ன விஷயமல்ல.

இதற்கு ஒரு வழி, மெதுவாகச் சமைக்கும் மின்சட்டி. கடையில் 'ஸ்லோ குக்கர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே கனமான பீங்கான் பானை. வெளியே அதைச் சுற்றி இளஞ்சூடு தரும் மின்கம்பி. அவ்வளவுதான். விறகடுப்பின் தணலில் மண்சட்டியை ஏற்றிவைத்து விட்டுப் போன நம் பாட்டிமாரின் வேலையைத்தான் இது மின்சாரத்தில் செய்கிறது.

இதன் கதையும் ஒரு பாட்டியின் சமையலிலிருந்து வந்ததே. யூதர்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். லித்துவேனியாவில் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பின் மிச்சச் சூட்டில் அது விடியவிடிய வேகும். தன் குடும்பத்தார் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுத்தான் அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் மின்சட்டியை உருவாக்கினார். 1940-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1971-இல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் அது பரவலாக விற்பனைக்கு வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களே அதை விரும்பி வாங்கினார்கள். காரணம் நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

வெள்ளைக்காரர்கள் இதில் முழுத்துண்டு மாட்டிறைச்சியைக் கிழங்குகளோடு வேகவைப்பார்கள். நம்மில் பல வீடுகளில் மாட்டிறைச்சி ஆகாது. ஆட்டின் தோள்பட்டைக் கறி இதற்கு நன்றாகவே பொருந்தும். "அது ரப்பர் மாதிரி இழுக்குமே!" என்பீர்கள். இழுக்கும் கறிதான் இதற்கு ஏற்றது. கறியிலுள்ள கெட்டியான தசைநார் இளஞ்சூட்டில் பல மணி நேரம் இருந்தால் கரைந்து குழம்போடு கலந்துவிடும். அவசரமாகக் கொதிக்கவிட்டால்தான் கறி இறுகிப்போகும்.

ஆறு பேருக்குத் தேவையானவை: எலும்போடு ஒரு கிலோ தோள்பட்டைக் கறி, உருளைக்கிழங்கு 3, கேரட் 2, சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, மிளகு, சீரகம், சோம்பு அரைத்த தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, பட்டை, ஏலக்காய், கறிவேப்பிலை, உப்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு கப்.

செய்முறை: கறியில் மேலாகத் தெரியும் கொழுப்பை வெட்டி எடுங்கள். இரண்டு மூன்று பெரிய துண்டுகளாக்கி, தூள்களையும் விழுதையும் தடவுங்கள். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி எடுங்கள். மணமும் நிறமும் இதில்தான் வரும். மின்சட்டியின் அடியில் கிழங்கையும் கேரட்டையும் பரப்புங்கள். அவை கறியைவிடத் தாமதமாக வேகும். அதன்மேல் கறி, வெங்காயம், தக்காளி, மற்றதெல்லாம். மூடிவிட்டு 'லோ'வில் 8 மணி நேரம், அல்லது 'ஹை'யில் 4 முதல் 5 மணி நேரம் விடுங்கள். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், சூடு போய்விடும். மின்செலவும் பெரிதல்ல. 150 வாட் சட்டி எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்டுதான்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இளஞ்சூடு என்பதால் இதில் சில ஆபத்துகளும் உண்டு.

ஒன்று: 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறியை அப்படியே சட்டியில் போட்டால் அது நெடுநேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். முந்திய நாளே கறியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுதாக இளகவிடுங்கள். வெளியில் மேசைமேல் வைக்காதீர்கள்.

இரண்டு: 'வார்ம்' என்பது வெந்த சாப்பாட்டைச் சூடாக வைக்க மட்டுமே. அதில் சமைக்கக் கூடாது. வெளியே போகிறவர்கள், நேரம் முடிந்ததும் தானாகவே 'வார்ம்' நிலைக்கு மாறும் சட்டியாகப் பார்த்து வாங்குவது நலம்.

மூன்று: நீங்கள் இல்லாத நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டிருந்து, எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனாலும் பிள்ளைகளின் வயிறு பெரிது.

நான்கு: ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸ் கொட்டையைப் பச்சையாக இதில் போடவே கூடாது. அதிலுள்ள நச்சு இளஞ்சூட்டில் அழியாது. நாலைந்து கொட்டையே வாந்தி பேதியைக் கொண்டுவரும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஐந்து: மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். மின்சட்டியில் சூடாக்கக் கூடாது. குளிர்ந்த குழம்பின்மேல் கொழுப்பு ஆடையாகப் படிந்திருக்கும். அதை வழித்தெடுத்துவிட்டால் இருதயத்துக்கும் நல்லது.

மின்சட்டி இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில், மிகச் சிறு தீயில், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இரண்டரை மூன்று மணி நேரம் வைக்கலாம். ஆனால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கேஸ் அடுப்பை எரியவிட்டு வெளியே போகக் கூடாது.

பரிமாறும்போதும் ஓர் அளவு வேண்டும். 'சுகு சுகு செபாரோ' என்று சுகாதார அமைச்சு சொல்வது இதைத்தான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கறி அல்லது மீன், மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும். உருளைக்கிழங்கும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கு எடுத்தால் சோற்றைக் குறைக்க வேண்டும். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது சுமார் ஒரு தேக்கரண்டி. ஆறு பேர் சாப்பாட்டுக்கு ஒரே தேக்கரண்டி உப்பு வைத்தது அதனால்தான். "சப்புன்னு இருக்கே" என்றால் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள், உப்பைத் தேடாதீர்கள்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கறி கழுவுவதும், கிழங்கு சீவுவதும், காலையில் சட்டியின் சுவிட்சைத் தட்டுவதும் பொம்பளைங்க வேலை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. இரவே காய்கறியை நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுங்கள். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிடும் நேரத்தில், சமைத்தவளும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.