சிற்றுருச் சரக்கு வண்டி

பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர், தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் பெயர் பெற்ற ஊராகும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூரின் வழியே செல்கிறது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே திறக்கப்பெற்ற பாதையே பின்னர் மேற்கு நோக்கி வளர்ந்து, ஆம்பூரைக் கடந்து, 1862இல் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரை அடைந்தது.

நிலையத்தில் பயணி வண்டிக்காகக் காத்து நிற்போர், இடையே கடந்து செல்லும் கூட்ஸ் வண்டியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால், அவ்வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் கூர்ந்து நோக்கும் ஒரு சாரார் உலகெங்கும் உளர். அவர்கள் சரக்கு வண்டிகளைச் சிறிய அளவில், உள்ளது உள்ளபடியே செய்து மகிழ்பவர்கள். அவ்வாறு செய்யப்படும் வண்டியைச் சிற்றுரு என்றும், அதற்கு முதலாக நிற்கும் உண்மை வண்டியை மூல வண்டி என்றும் கூறலாம்.

விளையாட்டு வண்டி வேறு, சிற்றுரு வேறு. நியூயார்க் நகரில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், 1900ஆம் ஆண்டையொட்டி, மின்சாரத்தால் ஓடும் திறந்த சரக்கு வண்டி ஒன்றைச் செய்தார். கடையின் முகப்பில் பண்டங்களை ஏற்றிச் சுழன்று, வழிப்போக்கரை ஈர்ப்பதே அதன் வேலை. மக்களோ பண்டங்களை விட்டு வண்டியையே விலைக்குக் கேட்டனர் என்பர். அது கண்ணுக்கு இனிய விளையாட்டுப் பொருளே; எந்த மூல வண்டியையும் அளந்து செய்யப்பட்டதன்று. சிற்றுருவுக்கு அளவே உயிர்.

இன்று மிகுதியாக வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு என்பதாகும். புணே நகரில் 1998இல் திறக்கப்பெற்ற ஜோஷி சிற்றுரு இருப்புப்பாதைக் காட்சிச் சாலையும் இந்த அளவிலேயே அமைந்துள்ளது. இந்த அளவின்படி நம் நாட்டுச் சரக்கு வண்டி ஒன்றைச் செய்ய முனைபவர் எவ்வெவற்றை அறிதல் வேண்டும் என்பதைக் காண்போம்.

நிலக்கரி ஏற்றிச் செல்லும் பி.ஓ.எக்ஸ்.என். என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பெயரிலுள்ள எழுத்துகளே அதன் அமைப்பைக் கூறுகின்றன. 'பி' என்பது போகி வண்டி என்பதைக் குறிக்கும். அஃதாவது, நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டங்கள் இரண்டின்மேல் வண்டி அமர்ந்திருக்கும். வளைவில் அச்சட்டங்கள் தனித்தனியே திரும்பும். 'ஓ' என்பது மேல்மூடி இல்லாமையையும், 'எக்ஸ்' என்பது உயர்ந்த பக்கச் சுவர்களையும், 'என்' என்பது அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் பிரேக்கையும் குறிக்கும்.

இவ்வண்டியின் நீளம், இணைப்புக் கொக்கிகள் உட்பட, 10,713 மில்லிமீட்டர். இதனை 87ஆல் வகுத்தால் 123 மில்லிமீட்டர் ஆகும். 3,225 மில்லிமீட்டர் உயரம் 37 மில்லிமீட்டராகக் குறையும். உள்ளங்கையில் அடங்கும் அந்த வண்டியின் பக்கத்தில் பதினோர் இலக்க எண் ஒன்றையும் எழுதல் வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் வண்டியின் வகையையும், அடுத்த இரண்டு அது எந்த இரயில்வேக்கு உரியது என்பதையும், அவற்றை அடுத்த இரண்டு அது செய்யப்பட்ட ஆண்டையும் காட்டும். பின்வரும் நான்கு அதன் தனி எண். இறுதி இலக்கம் பிழை நேராவண்ணம் சரிபார்ப்பதற்கு உரியது. மனம் போனவாறு எண்களை எழுதிவிட்டால், இல்லாத வண்டி ஒன்றின் சிற்றுருவாக அது முடிந்துவிடும்.

இனி, சிக்கல் ஒன்று எழுகிறது. நம் நாட்டு அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு 1,676 மில்லிமீட்டர். இதனை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வருகிறது. ஆனால், கடைகளில் கிடைக்கும் சிறு தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. மேலை நாடுகளின் 1,435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கி அமைத்தது அது. ஆகவே, நம் வண்டியைப் பிழையின்றிச் செய்து அதன்மேல் நிறுத்தினால், சக்கரங்கள் மட்டும் நெருங்கி நிற்கும். அதனைப் பொறுத்துக்கொள்வதா, சக்கரத்தையும் பாதையையும் தாமே புதிதாகச் செய்துகொள்வதா என்பதைச் செய்பவரே முடிவு செய்தல் வேண்டும்.

எடையில் தோன்றும் சிக்கல் இதனினும் வியப்பானது. சரக்கு ஏற்றாத பி.ஓ.எக்ஸ்.என். வண்டியின் எடை 22.47 டன். சிற்றுருவில் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 87இல் ஒரு பங்காகக் குறைகின்றன. ஆதலால், எடை 87ஐ மும்முறை பெருக்கிவரும் 6,58,503இல் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். அது 34 கிராம் மட்டுமே. அவ்வளவு இலேசான வண்டி, சிற்றுருப் பாதையின் குறுகிய வளைவுகளில் பின்வரும் வண்டிகளின் இழுப்புக்கு ஆற்றாது தடம் புரளும். அமெரிக்காவில் 1935இல் தோன்றிய தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம், இந்த அளவு வண்டிக்கு ஓர் அவுன்சும், அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் எடை இருத்தல் நலம் என்று வகுத்துள்ளது. அவ்வாறு கணக்கிட்டால் நம் வண்டிக்கு ஏறத்தாழ 97 கிராம் வேண்டும். உருவத்தில் மூலத்தை ஒத்திருக்கும் வண்டி, ஓடுவதற்காக எடையில் மூலத்தை விட்டு விலகுகிறது.

ஆம்பூர்க் காலணித் தொழிலாளர் இவ்வுண்மையை நன்கு அறிவர். குழந்தையின் காலணி, பெரியவர் காலணியை அப்படியே சுருக்கியது அன்று. அளவு குறையும் விகிதத்திலேயே தோலின் தடிப்பையும் குறைத்தால் காலணி உழைக்காது. சுருக்கத் தக்கது எது, சுருக்கத் தகாதது எது என்று பகுத்தறிவதே தொழில் நுட்பமாகும்.

இம்முயற்சியால் பயன் யாது எனக் கேட்கலாம். பக்கத் தாங்கிகளும் திருகு இணைப்பும் கொண்ட நான்கு சக்கர மூடுவண்டிகள் ஒரு காலத்தில் நம் இருப்புப்பாதைகளில் எங்கும் ஓடின. அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. பழைய வண்டிகளுள் சிலவற்றைப் புதுதில்லியில் 1977இல் திறக்கப்பெற்ற தேசிய இரயில் காட்சிச் சாலை போன்ற இடங்களில் காணலாம். எல்லா வகைகளையும் காக்க இடமும் பொருளும் போதா. மறைந்த வண்டி ஒன்றை அளவு பிழையாமல் செய்து வைப்பவர், அதன் வரலாற்றையும் உடன் காத்து வைக்கிறார்.

58 பி.ஓ.எக்ஸ்.என். வண்டிகள் கோத்த தொடர், எஞ்சினும் கார்டு வண்டியும் நீங்கலாக, 621 மீட்டர் நீளும். சிற்றுருவில் அது ஏழு மீட்டருக்குச் சற்று மிகும். ஒரு வகுப்பறையின் நீளத்துக்கு நிகராகும். ஆம்பூர் நிலையத்தைக் கடக்கும் கூட்ஸ் வண்டியை அளவறிந்து, எண்ணறிந்து, காரணமறிந்து நோக்குபவரே அதனைச் சிறிதாகச் செய்ய வல்லவர் ஆவர். பெரியதை முற்றும் அறியாமல் சிறியதைச் செய்தல் இயலாது.