கிரைப் வாட்டரில் உண்டு, ரசத்தில் இல்லை

அதியமான்கோட்டை என்றதும் காலபைரவர் கோயில் நினைவுக்கு வரும்; பள்ளிப் பாடத்தை மறக்காதவர்களுக்கு, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான். தருமபுரியை ஒட்டிய இந்த ஊருக்குக் கர்நாடக எல்லை ஒன்றும் தூரமில்லை. எல்லை தாண்டினால் 'சப்பசிகே சொப்பு' என்ற கீரையை அரிந்து அக்கி ரொட்டியிலும் வடையிலும் சேர்க்கிறார்கள். அந்தச் செடியின் விதைதான் நம் சதகுப்பை. நம்மிடமோ அது நாட்டு மருந்துக் கடையின் டப்பாவோடு நின்றுவிட்டது. பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கப் போனால்தான் அதன் முகத்தில் விழிக்கிறோம்.

உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். தட்டையாக, பழுப்பாக, ஓரத்தில் வெளிர் இழை ஓடியிருக்கும். தாவரவியல்படி இது விதையே அல்ல. இரண்டாகப் பிளந்த உலர்கனியின் ஒரு பாதி. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இதே குடும்பம். குறுக்கே சீவி உருப்பெருக்கியில் வைத்தால் எண்ணெய்க் குழல்கள் தெரியும்: முதுகுப் பக்கம் நான்கு, உட்பக்கம் இரண்டு. மணம் அவற்றுக்குள் அடைபட்டிருப்பதால்தான், தட்டாமல் போட்டால் பாதிப் பயன்கூடக் கிடைப்பதில்லை.

அந்த எண்ணெயின் முக்கியச் சரக்கு கார்வோன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூயிங்கத்துக்கு மணம் தரும் ஸ்பியர்மின்ட் புதினாவிலும் கார்வோன்தான். அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றே. ஆனால் இடக்கை, வலக்கை போல ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். நம் மூக்கின் ஏற்பிகள் அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகின்றன: ஒன்று புதினா, மற்றது சதகுப்பை. நெடுநாள் விவாதத்தில் இருந்த இதை 1971-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

இந்தியச் சதகுப்பையில் கார்வோன் குறைவு. டில்லாப்பியோல் என்ற இன்னொரு பொருள் அதிகம். பூச்சிக்கொல்லிகளின் வீரியத்தைக் கூட்டுவதாக அறியப்பட்ட பொருள் அது. ஐரோப்பியச் சமையல் குறிப்பை நம் ஊர்ச் சரக்கை வைத்துச் செய்தால் அதே மணம் வராததற்கு இதுவே காரணம்.

1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் குழந்தைகளுக்கான மருந்தாகத் தயாரித்த கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. குழந்தையின் அழுகையை நிறுத்தியது எது என்று யாரும் சந்தேகப்படலாம். சதகுப்பையால் தாய்ப்பால் பெருகும் என்ற நம்பிக்கைக்கும் வலுவான சான்று இல்லை. மருந்துப் பெருமையை ஒதுக்கிவிட்டு, ருசிக்காகவே இதை அடுப்படிக்குக் கொண்டுவரலாம்.

மேலைநாட்டார் வினிகரில் ஊறப்போடும் வெள்ளரிக்காய்க்கு இதுதான் அடையாள மணம். நம் சமையலில் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தயிர்ப் பச்சடி மூன்றுக்கும் பொருந்தும். கார்வோன் எண்ணெயில் எளிதில் கரையும். ஆகவே ஒன்றிரண்டாகத் தட்டித் தாளிப்பில் கடைசியாகப் போட்டு உடனே இறக்குங்கள். பொடியாக வாங்க வேண்டாம், வாசனை போய்விடும். முதல் தடவை கால் டீஸ்பூன் போதும்.