தள்ளாடும் கால்களும் உடைந்த தாடையும்



நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பலமுறை வாசித்திருப்பீர்கள். மதுபானத்துக்கு அடிமைப்பட்டவனை அங்கே ஞானி இரண்டு விதமாய்ச் சித்திரிக்கிறார். முதலாவது, அவன் கடலின் நடுவிலும் பாய்மரத்தின் உச்சியிலும் படுத்துக்கிடப்பவனுக்கு ஒப்பாயிருக்கிறான். இரண்டாவது, அடி விழுந்தும் அவன் நோவை உணராதிருக்கிறான். கவனியுங்கள்: அவன் படுத்திருக்கும்போதே உலகம் அவனுக்குக் கீழே அசைகிறது. வேதம் வைத்திய நூல் அல்ல. ஆயினும் இந்த இரண்டு சித்திரங்களையும் மருத்துவ ஆராய்ச்சியின் அருகே வைத்துப் பார்த்தால், நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான ஓர் எச்சரிப்பு கிடைக்கிறது.

காதுக்குள் இருக்கும் தராசு

தேவன் நம் ஒவ்வொரு செவியின் உட்புறத்திலும் மூன்று அரைவட்டக் குழாய்களை வைத்திருக்கிறார். அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு குழாயிலும் பாகுபோன்ற மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. அந்தத் தடுப்பும் நீரும் ஒரே அடர்த்தி உடையவை. ஆகையால் தலை திரும்பும்போது மாத்திரமே தடுப்பு வளைந்து, மூளைக்குச் செய்தி அனுப்பும்.

மதுவின் சாராயமோ தண்ணீரைவிட இலேசானது. அது இரத்தத்திலிருந்து முதலாவது தடுப்புக்குள் புகுகிறது. தடுப்பு இலேசாகி மிதக்கத் தொடங்குகிறது. தலை அசையாமல் படுத்திருந்தாலும் "நீ சுழலுகிறாய்" என்ற பொய்ச்செய்தி மூளைக்குச் செல்லுகிறது. கண்கள் தாமாகவே ஒரு பக்கமாய் இழுபடுகின்றன. சில மணி நேரம் சென்றபின் சாராயம் நீரிலும் கலந்து சமனாகிறது. பிறகு அது தடுப்பைவிட்டு முதலாவது வெளியேற, தடுப்பு நீரைவிடக் கனமாகிறது. சுழற்சி எதிர்த்திசையில் திரும்புகிறது. இந்த இரண்டாம் சுழற்சி, இரத்தத்தில் மது முற்றிலும் தீர்ந்த பின்னும் சில மணி நேரம் நீடிக்கக்கூடும்.

குடித்தவனின் கண்ணசைவை 1911-லேயே கவனித்து எழுதியவர் ராபர்ட் பாரனி. செவியின் சமநிலை உறுப்பைப்பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1974-இல் வெளியான ஓர் ஆய்வு, கனநீரைக் குடித்தால் சுழற்சி எதிர்ப்புறமாய் உண்டாவதையும், மதுவும் கனநீரும் சேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்வதையும் காட்டியது. அடர்த்தி வேறுபாடே காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று.

"இராத்திரி குடித்தேன், காலையில் தெளிந்துவிட்டேன்" என்று சாரத்தின்மேல் ஏறும் சகோதரனே, உன் இரத்தம் தெளிந்திருக்கலாம். உன் செவி இன்னும் தெளியவில்லை. பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்கோ சிறுமூளையின் நடுப்பகுதியே சுருங்கிப்போகிறது. அப்பொழுது குடியாத நாளிலும் கால்களை அகட்டி வைத்தே நடக்கவேண்டியதாகும்.

விழுகிறவனின் முகம்

தெளிவாயிருப்பவன் தடுமாறினால் கைகள் முன்னே நீண்டு முகத்தைக் காக்கின்றன. மது அந்தத் தற்காப்பைத் தாமதப்படுத்துகிறது. சால் வீட்டின் செங்குத்தான படியிலோ, சாக்கடை ஓரத்திலோ விழுகிறவனின் மோவாய் முதலாவது தரையில் மோதுகிறது. அடியின் வேகம் தாடை எலும்பின் வழியே ஏறி, செவிக்கு முன்பாக இருக்கும் மூட்டுக்கழுத்தையும் முறித்துவிடக்கூடும்.

இங்கேதான் ஞானியின் இரண்டாம் சித்திரம் நிறைவேறுகிறது. மயக்கத்தில் வலி தெரிவதில்லை. வீக்கம்தானே என்று நாட்கள் கடத்தப்படுகின்றன. முறிந்த எலும்பு கோணலாய்க் கூடிவிட்டால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. மெல்லவும் தெளிவாய்ப் பேசவும் இயலாது. அப்பொழுது கூடின எலும்பை மீண்டும் வெட்டி, சரியான இடத்தில் வைத்து, டைட்டானியம் தகடுகளால் இணைக்கவேண்டியதாகிறது. இதுவே தாடை சீரமைப்பு அறுவை. 1849-இல் அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹன் என்பவர், தீக்காயத் தழும்பால் கீழ்த்தாடை உருக்குலைந்த ஒரு பெண்ணுக்கு இதை முதன்முதலாகச் செய்தார். 1950-களில் சூரிச் நகரத்து ஹூகோ ஓப்வெகேசர், வாயின் உட்புறமாகவே கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை வகுத்தார். பிறவியிலேயே தாடை கோணலானவர்களுக்கும் இம்முறை பயன்படுகிறது.

"கர்த்தர் சுகமாக்குவார், கத்தி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டி, சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். கர்த்தரை நம்புவதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

படுக்கையருகே சொல்லவேண்டிய உண்மை

பிரியமானவர்களே, மிகவும் முக்கியமான காரியம் இது. மருத்துவமனையில் மருத்துவர், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்கும்போது, போதகரும் சபையாரும் அருகே நிற்பதால் மனைவி, "இல்லை" என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் உயிரைப் பறிக்கக்கூடும்.

தினமும் குடித்தவனுக்குத் திடீரென்று மது நின்றால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பும் வரக்கூடும். சிலருக்கு 2 முதல் 4 நாட்களுக்குள் சித்தம் கலங்கி, இல்லாதவைகள் கண்களுக்குத் தோன்றும். அதைக் கண்டு அசுத்த ஆவி என்று எண்ணி, வாசலைச் சாத்திக்கொண்டு ஜெபித்துக்கொண்டேயிருக்கவேண்டாம். ஜெபியுங்கள், ஆனால் முதலாவது தாதியைக் கூப்பிடுங்கள். இது மருந்தால் தணியும் நோய். தாடைகள் கம்பியால் கட்டப்பட்டவனுக்கு இது மேலும் ஆபத்து. வாந்தியெடுத்தால் அது வெளியேற வழியின்றி மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். ஆகையால் கம்பி வெட்டும் கருவி படுக்கையருகிலேயே இருக்கவேண்டும்.

மருத்துவர் முன்னரே அறிந்தால் முன்னெச்சரிக்கையாய் மருந்து கொடுப்பார். 1999-இல் டென்மார்க்கிலிருந்து வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். பெருங்குடல் அறுவைக்கு வந்த, மிகுதியாய்க் குடிப்பவர்கள் 42 பேரில் ஒரு பகுதியினர் ஒரு மாதம் முன்பே மதுவை நிறுத்தினர். அறுவைக்குப் பின் சிக்கல் உண்டானவர்கள் அவர்களில் நூற்றுக்கு 31 பேர். நிறுத்தாதவர்களிலோ 74 பேர். எலும்பை வெட்டி இணைக்கும் தாடை அறுவைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

சபை செய்யக்கூடியது

சொந்த ஊரைவிட்டு வந்த நமக்கு இந்த நகரத்தில் சபையே குடும்பம். குடிக்கிற சகோதரன் நம் முன்னே உண்மையைச் சொல்ல அஞ்சினால், அந்த அச்சத்தை உண்டாக்கியது யார் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். போதகரே, மருத்துவர் கேள்வி கேட்கும் வேளையில் தயவாய்ச் சற்று வெளியே நில்லுங்கள். சகோதரியே, கணவரின் மானத்தைக் காப்பதாய் நினைத்து அவர் உயிரைப் பணயம் வைக்காதேயுங்கள். சகோதரனே, நீ தினமும் குடிப்பவனானால் ஒரே நாளில் தனியே நிறுத்தத் துணியாதே. மருத்துவ மேற்பார்வையில் நிறுத்து. மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண் 14446.

பாய்மரத்தின் உச்சியிலிருந்து உன்னைப் பத்திரமாய் இறக்க ஆண்டவர் வல்லவர். அவர் நீட்டும் கரம் சில வேளைகளில் ஒரு மருத்துவரின் கரமாய் இருக்கும். அதைத் தள்ளிவிடாதே. கர்த்தர் தாமே உன் கால்களை ஸ்திரப்படுத்துவாராக. ஆமென்.