கடலுக்கு அடியில் மீன் எங்கே? காட்டிக்கொடுக்கும் சின்னப் பெட்டி!

தூத்துக்குடி-

விடிகாலை நேரம். திரேஸ்புரம் கரையில் இருந்து ஒரு நாட்டுப்படகு கிளம்புகிறது.

படகில் நாலு பேர். வலை, ஐஸ், சாப்பாட்டுத் தூக்கு, எஞ்சினுக்கு டீசல். பாதிக்கு மேல் கடன் வாங்கிய காசு!

மீன் பட்டால் கடன் அடையும். படாவிட்டால் டீசல் காசு கடலோடு போச்சு!

மீன் எங்கே? அதுதான் கேள்வி.

தாத்தா காலத்தில் இதற்கு விடை கண்ணில் இருந்தது. தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். பறவைகள் எங்கே கூட்டமாக இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். மாதா கோவில் உச்சி, கோவில் கோபுரம், கலங்கரை விளக்கம் - இவற்றை ஒன்றோடு ஒன்று நேர் சேர்த்து, 'இந்த இடத்திலேதான் பார் இருக்கு' என்று அடையாளம் வைத்துக் கொள்வார்கள். (கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர்.)

கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஆழத்தை 'பாகம்' கணக்கில் அளப்பார்கள். ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கையின் நீளம். சுமார் 6 அடி.

இப்போது இந்த வேலையில் பாதியை ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. அதன் பெயர் 'எக்கோ சவுண்டர்'. 'பிஷ் பைண்டர்' என்றும் சொல்வார்கள்.

சரி, பெட்டியை வாங்கி மாட்டி விட்டால் மீன் தானாக வலையில் வந்து விழுமா?

விழாது! பெட்டியை எங்கே பொருத்துகிறோம், திரையை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

கிணற்றடி வித்தை

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து 'ஓய்' என்று கத்துகிறோம். 'ஓய்' என்று திரும்பி வருகிறது. பெட்டி செய்வதும் இதே வேலைதான்.

படகின் அடியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதற்கு 'டிரான்ஸ்டியூசர்' என்று பெயர். அது தண்ணீருக்குள் 'டிக்' என்று ஒரு ஒலியை அனுப்பும். ஒலி தரையில் மோதித் திரும்பும். வழியில் மீன் இருந்தால் அதில் மோதியும் திரும்பும்.

கடல் தண்ணீரில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். காற்றில் போவதைப் போல 4 மடங்குக்கும் மேல்!

30 மீட்டர் ஆழம் (சுமார் 16 பாகம்) என்று வைத்துக் கொள்வோம். ஒலி போக 30, வர 30. மொத்தம் 60 மீட்டர். இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் கணக்கு முடிந்து விடும்.

சிறிய படகுகளில் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு 2 லட்சம் அதிர்வு, அல்லது 50 ஆயிரம் அதிர்வு கொண்ட ஒலியை அனுப்புகின்றன. மனிதக் காதுக்கு 20 ஆயிரத்துக்கு மேல் கேட்காது. அதனால்தான் படகில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் தெரிவதில்லை.

சீலா ஏமாற்றும்!

மீன் எப்படித் திரையில் தெரிகிறது?

பல மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. ஒலியை நன்றாகத் திருப்பி அடிப்பது அந்தக் காற்றுதான். சாளைக் கூட்டம், கலவா ஆகியவை பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம்.

சீலாவுக்கு (சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே, அதுதான்) காற்றுப்பை கிடையாது. சுறாவுக்கும் கிடையாது. ஆகவே இவை திரையில் மங்கலாகத்தான் தெரியும்.

கிலோவுக்கு அதிக விலை போகிற சீலா அடியில் நிற்கும். பெட்டி லேசாக ஒரு கீற்றுப் போடும். விவரம் தெரியாதவர், 'ஒண்ணும் இல்லப்பா' என்று படகைத் திருப்பி விடுவார்!

கப்பல் மூழ்கியதால் பிறந்தது

இந்தக் கருவியின் கதை 1912-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடினார் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெம். பனிப்பாறைக்கு அது உதவவில்லை. கடலின் ஆழத்தை அளக்க உதவியது. 1913-ல் காப்புரிமை பெற்றார்.

முதல் உலக யுத்தத்தில், நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஜவன் இதே வழியில் கருவி செய்தார்.

1935-ல் நார்வே விஞ்ஞானி ஆஸ்கர் சுன்ட், காட் என்ற மீன்களின் கூட்டத்தை எதிரொலிக் கருவியில் பதிவு செய்து காட்டினார். 1948-ல் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள், மீனவர்கள் வாங்கிப் பயன்படுத்தும்படியான கருவியைக் கொண்டு வந்தார்கள்.

நம்ம பக்கமும் சும்மா இருக்கவில்லை. கொச்சியை மையமாக வைத்து 1971-ல் ஐ.நா. உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கியது. 'ராஸ்ட்ரெல்லிஜர்', 'சார்டினெல்லா' என்ற ஆராய்ச்சிக் கப்பல்கள் எதிரொலிக் கருவியோடு தென்கடலைச் சுற்றின. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நெத்திலி மீன்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் வந்து கூடுவது அந்த ஆய்வில் தெரிந்தது.

அன்று பெரிய கப்பலில் இருந்த வித்தை, இன்று சாப்பாட்டுத் தூக்கு அளவுப் பெட்டிக்குள் அடங்கி விட்டது.

எங்கே பொருத்துவது?

'வாங்கி மறுநாளே மாட்டினேன், புள்ளி புள்ளியாத்தான் தெரியுது' என்று புலம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் பெட்டியிடம் இல்லை. பொருத்திய இடத்தில்!

குமிழுக்கு முதல் எதிரி காற்றுக் குமிழி. எஞ்சின் விசிறி சுற்றும் இடத்தில் தண்ணீர் நுரைக்கும். அந்த நுரை குமிழுக்கு அடியில் புகுந்தால் ஒலி கீழே இறங்காது.

ஆகவே பைபர் படகின் பின்பக்கப் பலகையில் பொருத்துவதாக இருந்தால், விசிறியில் இருந்து குறைந்தது ஒன்றேகால் அடி தள்ளி வைக்க வேண்டும். பின்னால் நின்று பார்க்கும்போது விசிறி கடிகார முள் போலச் சுற்றினால், படகின் வலது பக்கமே நல்லது. அந்தப் பக்கத்தில் இலைகள் மேலிருந்து கீழே இறங்கும். நுரைத் தொல்லை குறைவு.

குமிழின் முகம் நேராகக் கடல் தரையைப் பார்க்க வேண்டும். படகின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, எப்போதும் தண்ணீரில் நனைந்தபடி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் மேடு, ஆணி, வரிக்கட்டை எதுவும் கூடாது.

நம்ம கரையில் இன்னொரு சிக்கல். பெரியதாழை, மணப்பாடு மாதிரி ஊர்களில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். அடியில் நீட்டிக் கொண்டிருக்கும் குமிழ் ஒரே இழுப்பில் உடைந்து விடும்!

இதற்கு வழி உண்டு. ஒரு கம்பின் நுனியில் குமிழைக் கட்டி, படகின் ஓரத்தில் இறக்கி ஏற்றும்படி வைக்கலாம். கடலில் இறக்கு, கரைக்கு வரும்போது தூக்கு. அவ்வளவுதான்.

தனி பைபர் அடித்தளம் என்றால் உள்பக்கமாகவே ஒட்டலாம். பைபருக்கு நடுவில் மரமோ தெர்மாகோலோ காற்றோ இருந்தால் அது பலிக்காது. மர வள்ளத்துக்கும் பலிக்காது. மரம் ஒலியை விழுங்கி விடும்.

துளை போடுவதற்கு முன் ஒரு யோசனை: முதலில் தற்காலிகமாகக் கட்டி, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். திரை தெளிவாக இருந்தால் பிறகு திருகாணி போடலாம்.

ஒயர் ஜாக்கிரதை

பெட்டிக்கு 12 வோல்ட் பேட்டரி. ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். நடுவில் பியூஸ் கட்டாயம். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

குமிழ் ஒயரை எஞ்சின் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் திரையில் கோடு கோடாக ஓடும். எஞ்சினை நிறுத்தியதும் கோடு மறைந்தால், கோளாறு எங்கே என்று தெரிந்து விடும். ஒயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டி விடக் கூடாது. சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் பட்டால் இணைப்பு பச்சை பூத்து விடும். கிரீஸ் தடவுவது நல்லது. குமிழில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் கத்தியால் சுரண்டாமல், சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கடைசியில் ஒரு பரீட்சை. தாத்தாவின் ஈயக்குண்டை இறக்கிப் பாருங்கள். கயிறு சொல்லும் ஆழமும் பெட்டி சொல்லும் ஆழமும் ஒத்துப் போனால் பெட்டி பாஸ்!

திரையில் என்ன தெரியும்?

திரையின் வலது ஓரம்தான் 'இப்போது'. இடது பக்கம் நகர்ந்து போவதெல்லாம் போன கதை. இதைத் தெரியாமல், நடுத்திரையில் மீன் தெரியும்போது வலையை இறக்குகிறவர், மீனைத் தாண்டி வந்து இறக்குகிறார்!

கீழே தடித்த கோடு கடலின் தரை. பாறை என்றால் கோடு அழுத்தமாக விழும். சில சமயம் அதற்குக் கீழே இரண்டாவது கோடும் தெரியும். சேறு என்றால் கோடு மங்கும்.

தனி மீன் வில் மாதிரி வளைந்து தெரியும். கூட்டம் மேகம் மாதிரி திரண்டு தெரியும். சொறிமீனும் கடல் நுண்ணுயிர்க் கூட்டமும்கூட புகை மாதிரி தெரிந்து ஏமாற்றும்.

பெட்டி பார்ப்பது எவ்வளவு இடம்? 2 லட்சம் அதிர்வுப் பெட்டியின் ஒலி பொதுவாக 20 டிகிரி விரியும். 30 மீட்டர் ஆழத்தில் அது சுமார் பத்தரை மீட்டர் வட்டம். அவ்வளவுதான்! அதற்கு வெளியே ஆயிரம் மீன் நின்றாலும் தெரியாது.

சுற்றிலும் தேடுவது 'சோனார்'. அது பெரிய படகுகளின் சமாச்சாரம்.

சில பெட்டிகளில் மீன் பொம்மை படம் வரும். அதை நம்பி வலை போடாதீர்கள். மிதக்கும் குப்பைக்கும் அது மீன் படம் போடும். பொம்மையை அணைத்து விட்டு, வில்லையும் மேகத்தையும் படிக்கப் பழகுவதே மேல்.

வலையும் தப்பும், படகும் தப்பும்

பெட்டியின் பெரிய லாபம் மீன் மட்டும் அல்ல.

பார் வலைக்கு எமன். தூண்டிலுக்கு வரம். வலை பாரில் சிக்கிக் கிழிந்தால் ஆயிரக்கணக்கில் நஷ்டம். தரையைப் பார்த்து வலை இறக்கினால் அந்த நஷ்டம் மிச்சம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். இவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்குள் மூழ்கி விட்டன. இருட்டில் வழி தவறி அந்தப் பக்கம் போனால் அடி தட்டும். ஆழம் குறைவதைப் பெட்டி முன்கூட்டியே சொல்லும்.

இந்தத் தீவுப் பகுதி 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது. எல்லை எது என்று எக்கோ சவுண்டர் சொல்லாது. அதற்கு ஜி.பி.எஸ். வேண்டும்.

எந்தத் திசையில் போவது என்பதற்கு ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' நிறுவனத்தின் தகவல் உதவும். செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடக்கூடிய இடத்தை அது அறிவிக்கிறது. இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லும். அங்கே போனபின் அடியில் இருப்பதைப் பெட்டி சொல்லும்.

முத்து சொல்லும் பாடம்

இந்தக் கடலுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது முத்து. இடுப்பில் கயிறு, காலில் கல் என்று இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி எடுத்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு முத்துப் பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை.

அன்று மூச்சு முட்டியதும் மனிதன் மேலே வந்தான். பெட்டிக்கு மூச்சு முட்டாது!

பெரிய சுருக்குமடி வலையும் சுற்றிப் பார்க்கும் சோனாரும் சேர்ந்தால் ஒரு கூட்டம் முழுவதையும் அள்ளி விடலாம். சின்ன மீனவர்களின் பயமே அதுதான். தமிழக அரசு 2000-ல் சுருக்குமடிக்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் 2 நாள் மட்டும் என்று கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கரையில் இருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கே என்று 1983-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த வேலிகள் இருப்பதால்தான் சந்தையில் இன்னும் மீன் இருக்கிறது.

மாலையில் வேலை முடிந்து, சந்தையில் சாளை விலை கேட்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு. விரல் அளவுக் குஞ்சை வாங்க ஆள் இல்லை என்றால் அதைப் பிடிக்கவும் ஆள் இருக்காது.

நாலு பேர் போகிற படகுக்கு இந்தப் பெட்டி நல்ல துணை. டீசலை மிச்சம் பிடிக்கும். வலையைக் காப்பாற்றும். மீன் இருக்கும் இடத்தைக் காட்டும்.

'போதும், திரும்பு' என்று மட்டும் அது சொல்லாது. அதை அமரத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்!