தோற்றவரும் தூக்கிய கோப்பை

2000-ம் ஆண்டு மே 7. பாரிஸை ஒட்டிய ஸ்தாத் து பிரான்ஸ் மைதானத்தில் பிரெஞ்சுக் கோப்பை கால்பந்தின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம், முந்தைய ஆண்டும் இதே கோப்பையை வென்ற நாந்த் அணி. மறுபக்கம் கலே. நான்காம் டிவிஷனில் ஆடும் அமெச்சூர் அணி அது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் ஆட்களே அதில் அதிகம். அந்த மைதானத்தில் 80 ஆயிரம் பேர் உட்காரலாம். கலே துறைமுக நகரின் மொத்த மக்கள்தொகையே அப்போது சுமார் 77 ஆயிரம்தான்!

இப்படியொரு அணி இறுதிப் போட்டி வரை எப்படி வந்தது?

பிரெஞ்சுக் கோப்பையின் அமைப்பே அதற்கு வழிவிடுகிறது. முதல் உலகப் போரில் உயிரிழந்த விளையாட்டு நிர்வாகி ஷார்ல் சிமோனின் நினைவாக 1917-ல் தொடங்கிய போட்டி இது. இன்று ஆண்டுதோறும் 7,000-க்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்கின்றன. கிராமத்து அணிகளும் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் அணிகளும்கூட இதில் உண்டு. முதல் டிவிஷன் அணிகள், 64 அணிகள் மிஞ்சியிருக்கும் சுற்றில்தான் களமிறங்குகின்றன. அதன் பிறகு யாருக்கு யார் எதிரி என்பதைக் குலுக்கல்தான் முடிவுசெய்யும். இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால், சிறிய அணியின் ஊருக்குத்தான் பெரிய அணி போக வேண்டும்.

லீக் என்றால் அப்போதைய முதல் டிவிஷனில் ஓர் அணி 34 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஒரு நாள் சறுக்கினாலும் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் கடைசியில் மேலே வந்துவிடுவார்கள். நாக்-அவுட்டில் அந்த வசதி இல்லை. அன்றைக்குத் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயிற்சியாளர் லதிஸ்லாஸ் லொசானோவின் பையன்கள் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டாம் டிவிஷனில் முன்னணியில் இருந்த லில் அணியைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வெளியேற்றினார்கள். கான் அணிக்கும் அதே கதி. காலிறுதியில் முதல் டிவிஷன் அணியான ஸ்ட்ராஸ்பூர்க் 2-1 என வீழ்ந்தது.

அரையிறுதியில் வந்தது போர்தோ, அப்போதைய லீக் சாம்பியன். கலேயின் சொந்த மைதானம் மிகச் சிறியது என்பதால் ஆட்டம் லான்ஸ் நகரில் நடந்தது. 90 நிமிடங்கள் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கலே ஒன்று போட, போர்தோ சமன் செய்தது. சாம்பியன் இனி விடமாட்டான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் கலே மேலும் இரண்டு கோல் போட்டது. 3-1. களைத்துப்போக வேண்டிய அமெச்சூர்கள் கடைசி நிமிடங்களிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்றைய விதிப்படி இறுதிப் போட்டி தவிர வேறெதிலும் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டிதான். இப்போது நடந்திருந்தால் அந்த அரை மணி நேரமே இருந்திருக்காது.

இறுதிப் போட்டியிலும் முதல் கோல் கலேயுடையதுதான். 34-வது நிமிடத்தில் ஜெரோம் டுத்தித்ர் பந்தை வலைக்குள் தள்ளினார். இடைவேளையில் நான்காம் டிவிஷன் அணி முன்னிலையில் இருந்தது. இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் நாந்த்தின் அந்துவான் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்றிருந்தபோது, 90-வது நிமிடத்தில் நடுவர் நாந்த்துக்குப் பெனால்டி கொடுத்தார். அது பெனால்டிதானா என்ற வாக்குவாதம் வெகுகாலம் ஓயவில்லை. சிபியெர்ஸ்கி அதையும் கோலாக்கினார். 2-1. கோப்பை நாந்த்துக்கு.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆட்டத்தை வரலாற்றில் நிறுத்தியது. நாந்த்தின் கேப்டன், கோல்கீப்பர் மிக்கேல் லாந்த்ரோ. 21 வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோப்பை வாங்கும் நேரத்தில் கலேயின் கேப்டன் ரெஜினால்ட் பெக்கைத் தன்னுடன் அழைத்துக்கொண்டார். வென்றவரும் தோற்றவரும் ஆளுக்கொரு கை பிடித்து அந்தக் கோப்பையைச் சேர்ந்து தூக்கினார்கள். எந்த விதியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இந்தக் கதையை இத்தோடு முடித்துவிட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், மீதியையும் சொல்லியாக வேண்டும். 2008-ல் கலே நகரில் புதிய மைதானம் திறக்கப்பட்டது. அந்தக் கோப்பைப் பயணத்தின் நினைவாக அதற்கு ‘காவியம்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால், கிளப்பின் கணக்குப் புத்தகம் காவியமாக இல்லை. பணநெருக்கடி முற்றி, 2017-ல் நீதிமன்ற உத்தரவுப்படி கிளப் கலைக்கப்பட்டது. காவியத்தின் பெயரில் மைதானம் இருக்கிறது. காவியம் படைத்த கிளப் இல்லை.

ஒரு கோப்பைப் பயணம் புகழைக் கொடுக்கும், சோறு போடாது. சிறிய கிளப் பிழைத்திருக்க ஆண்டு முழுவதும் வருமானமும் கவனமான நிர்வாகமும் வேண்டும். அதற்காகக் கோப்பைப் போட்டியைக் குறைசொல்ல முடியாது. அதன் வேலை வாசலைத் திறந்து வைப்பது. 2012-ல் கெவியி, 2018-ல் லேஸ் எர்பியே என மூன்றாம் டிவிஷன் அணிகள் பிறகும் இறுதிப் போட்டிக்கு வந்ததற்கு அந்தத் திறந்த வாசலே காரணம்.

வேறு சில நாடுகளில் அந்த வாசல் குறுகிவருகிறது. இத்தாலியின் தேசியக் கோப்பை 2021 முதல் முதலிரண்டு டிவிஷன் அணிகளுக்கும் மூன்றாம் டிவிஷனின் நான்கே அணிகளுக்கும் என்று சுருங்கிவிட்டது. சமனில் முடிந்தால் மறு ஆட்டம் என்ற பழைய வழக்கத்தை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 2024-25 பருவத்திலிருந்து பிரதானச் சுற்றுகளில் கைவிட்டது. பெரிய அணியோடு மறு ஆட்டம் என்றால் அந்த டிக்கெட் வசூலில் ஓர் ஆண்டை ஓட்டிவிடும் சின்ன கிளப்புகள் அங்கே உண்டு. பெரிய கிளப்புகளுக்கு ஆட்ட நெரிசல் என்பது காரணம், இழப்பு சின்னவர்களுக்கு.

பெரியவர்கள் மட்டும் மோதிக்கொள்ள லீக் இருக்கிறது, ஐரோப்பியப் போட்டிகள் இருக்கின்றன. தேசியக் கோப்பை ஒன்றாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். கலேக்கள் நுழைய முடியாத கோப்பை, இன்னொரு லீக் மட்டுமே.