கட்டலான் மக்களின் தனிநாட்டுக் கோரிக்கை



வீட்டில் பேசும் தாய்மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாது என்றால் ஒரு குழந்தையின் மனம் என்ன பாடுபடும்? ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, கட்டலோனியாவில் வாழும் கட்டலான் மக்களின் பிள்ளைகள் அந்த நிலையில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய கதையை இன்று பார்ப்போம்.

கட்டலோனியாவின் தலைநகர் பார்சலோனா. முன்பு அம்மக்களுக்கெனத் தனிச் சட்டங்களும் மன்றங்களும் இருந்தன. 1714ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், நெடிய முற்றுகைக்குப் பின் பார்சலோனா ஐந்தாம் பிலிப் மன்னரின் படையிடம் வீழ்ந்தது. அந்த உரிமைகளும் பறிபோயின. தோற்ற அந்நாளையே அவர்கள் இன்றும் தங்கள் தேசிய நாளாக நினைவுகூர்கிறார்கள்.

உள்நாட்டுப் போரில் வென்ற ஃபிராங்கோ 1939 முதல் 1975 வரை சர்வாதிகாரியாக ஆண்டார். பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் கட்டலான் மொழிக்கு இடமில்லாமல் போயிற்று. ஆயினும் மொழி அழியவில்லை. காரணம் என்ன? தாய்மார்களும் பாட்டிமார்களும் அதை வீட்டிலே பேசிப் பேசிக் காப்பாற்றினார்கள். 1979இல் தன்னாட்சி கிடைத்தது. பின்னர் அம்மொழி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது.

அப்படியானால் தனிநாடு எதற்கு? தாங்கள் கட்டும் வரியில் உரிய பங்கு திரும்பி வருவதில்லை என்பது ஒரு மனக்குறை. மக்கள் வாக்களித்து ஏற்ற 2006ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் சில பகுதிகளை அரசியலமைப்பு நீதிமன்றம் 2010இல் நீக்கியது மற்றொன்று. 2013இல் மக்கள் கைகோத்துச் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு அணிவகுத்து நின்றார்கள்.

2017 அக்டோபர் 1ஆம் நாள், நீதிமன்றத் தடையை மீறி வாக்கெடுப்பு நடந்தது. போலீசார் பல இடங்களில் பலத்தைப் பயன்படுத்தினர். கட்டலோனிய அரசின் கணக்குப்படி, நூற்றுக்கு 43 பேரே வாக்களித்தனர். அவர்களில் 90 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்தனர். எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்க வரவில்லை. அம்மாதமே விடுதலை அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு உடனே அந்த ஆட்சியைக் கலைத்தது. 2019இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் அவர்கள் மன்னிக்கப்பட்டனர். 2024 தேர்தலில் தனிநாடு கோரும் கட்சிகள் பெரும்பான்மையை இழந்தன.

நேயர்களே, பிரிவதா, சேர்ந்திருப்பதா என்பதில் அம்மக்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வழக்காடுவதற்கு அவர்களிடம் சொந்த மொழி மிஞ்சியிருக்கிறது. அதைக் காத்துத் தந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். பிள்ளைகளோடு வீட்டில் பேசிய பெற்றோர்களே.