விண்மீனை அளக்க ஒரு விண்மீன்

விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுக்கச் சிறு தொலைநோக்கியும் கீற்றணியும் போதும். ஆயின் காற்றும் கருவியும் அவ்வொளியைச் சிதைப்பதால், நன்கறிந்த மற்றொரு விண்மீனை அளவுகோலாகக் கொண்டே அப்படத்தைத் திருத்துகிறோம்.

அளவுகோலுக்கு ‘ஏ’ வகை மீன்கள் ஏற்றவை. அபிஜித் எனும் வேகாவிலும் சிரியஸிலும் ஹைட்ரஜனின் கருங்கோடுகள் 656.3, 486.1 நானோமீட்டரில் தெளிவாக விழும். அவற்றைக் கொண்டு பிற கோடுகளின் அலைநீளத்தைக் கணிக்கலாம். காமா காசியோப்பியாவிலோ அக்கோடு ஒளிர்வதை 1866-இல் செக்கி கண்டார். அத்தகைய மீன் அளவுகோலாகாது.

உயரமும் ஒத்திருத்தல் வேண்டும். அடிவானத்தை நெருங்கிய மீனின் ஒளி மிகுந்த காற்றைக் கடந்து நீலத்தை இழக்கும். இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் அபிஜித் நள்ளிரவில் உச்சமெய்தும் ஜூலையில் பருவமழை மறைக்கும். சிரியஸ் உச்சமெய்தும் ஜனவரியே நல்ல காலம். அங்கே அது சுமார் 64 பாகை உயரும். தில்லியில் 45 பாகையே.

ஆதலின், நேயர்களே, எவ்வூரில் வாழினும் ஆராயும் மீனையும் அளவுகோல் மீனையும் ஒரே இரவில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் படமெடுங்கள். அப்போதுதான் தில்லியில் எடுத்த நிறமாலையைப் பீர்மேட்டில் எடுத்ததோடு ஒப்பிட இயலும். இன்றேல் அது வெறும் வண்ணப்படமாகவே நிற்கும்.